பதக்கம் இல்லாத ஆணி

றஞ்சித்தின் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரைத்தான். முன் அறைச் சுவர் முழுக்க ஆணி அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பதக்கம் தொங்கும். வடமராட்சியில் வென்றது, மன்னாரில் வென்றது, முல்லைத்தீவுக் கடற்கரையில் சேறும் மழையுமாக ஆடி வென்றது, மட்டக்களப்பில் சிறந்த முன்வரிசை வீரன் என்று கொடுத்தது. நடுவில், நெஞ்சு மட்டத்தில், ஓர் ஆணி மட்டும் வெறுமனே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் வெக்கை தாங்காமல் போட்டிருந்த சேட்டைக் கழற்றி அதில் கொழுவப் பார்ப்பார்கள். றஞ்சித் எழுந்து போய்ச் சேட்டை எடுத்து அவர்களின் மடியில் போட்டுவிட்டு வந்து இருப்பான்.

அந்த ஆணி இருபத்தொரு வருடம் பட்டினி கிடந்தது. அதன் கதையைத்தான் சொல்லப்போகிறேன். என் பெயர் சுரேஸ், அவனோடு ஒரே உதைபந்தாட்டக் கழகத்தில் கோல் காத்தவன். மன்னிப்பு, பெருந்தன்மை என்று சிலர் கதைப்பார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை, அதனால் கதைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அப்படிப்பட்ட நல்ல மனம் உள்ளவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் வல்வெட்டித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் நடுவில் கடலோடு ஒட்டிக் கிடக்கிறது. றஞ்சித்தின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத மனிதர். தாய் கருவாடு போட்டுப் பிள்ளையை வளர்த்தாள். சப்பாத்து வாங்க வழியில்லாமல் அலை நனைத்த மணலில் வெறுங்காலால் அடித்துப் பழகினான். ஈர மணலில் பந்து உருளாது. அதனால் அவன் உருட்டப் பழகவில்லை, கிளப்பத்தான் பழகினான். அவனுடைய இடது காலிலிருந்து கிளம்பும் பந்து கம்பத்துக்கு வெளியே போகிறமாதிரிப் போய்க் கடைசி நேரத்தில் உள்ளே திரும்பும். பயிற்சியில் அந்தப் பந்துக்கு முன்னால் தினமும் நின்றவன் நான். வெளியே போகிறது என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, வலைக்குள் கிடந்த பந்தை எத்தனையோ தரம் பொறுக்கியிருக்கிறேன்.

அந்த நாளில் எங்கள் கழகத்துக்கும் ஊர் அம்மன் கோயிலுக்கும் தலைவர் ஒருவரே, நமசிவாயம். மூன்று படகும் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் விற்கும் ஒரு வாடியும் வைத்திருந்தார். அவருடைய தகப்பனின் தகப்பனாரும் றஞ்சித்தின் பூட்டனாரும் கூடப்பிறந்தவர்கள். அதனால் அவனுக்கு அவர் பெரியப்பா முறை. தகப்பன் இல்லாத பிள்ளை, "பெரியப்பா, பெரியப்பா" என்று அவர் பின்னாலேயே திரிந்தான். அவனுடைய முதல் சப்பாத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இதை நான் சொல்லாமல் விட்டால் பிறகு யாராவது வந்து சொல்லிக் காட்டுவார்கள். ஓம், அந்த மனிதர் அவனுக்கு நல்லது செய்தார், தன் மகனைவிட அவன் நன்றாக ஆடத் தொடங்கும் வரைக்கும்.

மகன் மயூரதன். றஞ்சித்துக்கு ஒரு வயது இளையவன், முன்வரிசையில் அதே இடத்துக்கு ஆடுகிறவன். கெட்ட பிள்ளை இல்லை, கெட்ட ஆட்டக்காரன். பந்து அவனிடம் வந்தால் எங்கள் பின்வரிசை தலையில் கை வைக்கும். தகப்பனுக்கு மட்டும் அது தெரியவில்லை.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. சமாதான காலம், கொழும்புப் பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து கழகங்கள் வந்து ஆடின. ஆடத் தெரிந்த பெடியளைத் தெரிவுசெய்து கூட்டிக்கொண்டு போகவும் ஆட்கள் வந்தார்கள். அந்த வருட அம்மன் திருவிழாக் கிண்ணப் போட்டிக்கும் இரண்டு தெரிவாளர்கள் வந்திருந்தார்கள். அரையிறுதியில் எங்கள் பக்கத்துக் கோல்கள் எல்லாம் றஞ்சித் அடித்தவை. இறுதிப் போட்டி முடிந்துதான் போவோம் என்று தெரிவாளர்கள் சொன்னபோது, யாருக்காக நிற்கிறார்கள் என்று ஊரில் கேட்கத் தேவை இருக்கவில்லை.

எங்கள் கிண்ணத்துக்கு ஒரு முறை உண்டு. தீர்த்தத் திருவிழாவுக்கு மறுநாள் இறுதிப் போட்டி. அன்று காலை பதக்கங்களைத் தாம்பாளத்தில் பரப்பி அம்மன் காலடியில் வைத்துப் பூசை செய்வார்கள். ஆடுகிறவர்கள் ஜேர்சியோடு உள்ளே போய்த் திருநீறு வாங்கி, மேளத்தோடு மைதானத்துக்கு வருவார்கள். ஆனபடியால் துடக்கு உள்ளவன் ஆடவும் முடியாது, அன்றைய பூசைப் பதக்கத்தைத் தொடவும் முடியாது. துடக்கு என்றால் தீட்டு. தகப்பன் வழிச் சொந்தத்தில் ஒருவர் செத்தால் பங்காளிகள் எல்லோருக்கும் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் இல்லை.

அன்று காலை நாங்கள் குளித்து ஜேர்சி போட்டுக் கோயில் வாசலில் நிற்கிறோம். நமசிவாயம் உள்ளேயிருந்து வந்தார். வட்டுக்கோட்டையில் சின்னத்துரை செத்துப்போனார், றஞ்சித்துக்குத் துடக்கு, அவனுடைய இடத்துக்கு மயூரதன் ஆடுவான் என்றார். சின்னத்துரை யார் என்று எங்களுக்கு நினைவே வரவில்லை. நாங்கள் பிறக்க முன்னமே ஊரைவிட்டுப் போய், வட்டுக்கோட்டைப் பக்கம் யாருடையதோ தோட்டத்தில் காவல் இருந்த தனிக்கட்டைக் கிழவர். நான் முன்னே சொன்ன அந்த இரண்டு கூடப்பிறந்தவர்களுக்கும் மூன்றாவதாக ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய பேரன் இந்தச் சின்னத்துரை.

சொந்தத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்த்தால் விசயம் விளங்கும். சின்னத்துரையின் சாவு றஞ்சித்துக்குத் துடக்கு என்றால் நமசிவாயத்துக்கும் துடக்கு, மயூரதனுக்கும் துடக்கு. சொல்லப்போனால் நமசிவாயத்துக்கு ஒரு தலைமுறை கிட்ட. இதை அந்த இடத்தில் கேட்டவன் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

அவர் அதற்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். தட்டில் சூடம் கொளுத்தச் சொன்னார். எரிகிற சூடத்துக்கு மேலே கையை நீட்டினார்.

"எங்கடை அப்பர் காலத்திலேயே பங்கு விட்டுப்போச்சு. சின்னத்துரை, றஞ்சித் எண்ட உந்தப் பகுதிக்கும் எங்களுக்கும் கொண்டாட்டமும் இல்லை, துடக்கும் இல்லை. அம்மாளாச்சி அறிய."

ஒரு நெருப்பில் தன் மகனுக்குத் துடக்கைக் கழித்துவிட்டார். அதே நெருப்பில் றஞ்சித்தை உறவில் இருந்தும் வெட்டிவிட்டார். றஞ்சித் கும்பிட்ட கையோடு அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"பெரியப்பா, நான் கோயிலுக்குள்ளை வரேல்லை. நேரே கிறவுண்டுக்குப் போறன். இண்டைக்கு மட்டும் விடுங்கோ."

"ஆரடா உனக்குப் பெரியப்பா?" என்றார் நமசிவாயம்.

கோயில் வாசலில் சூடத்துக்கு மேல் சொன்ன வார்த்தை. பொய் என்று தெரிந்தாலும் மறுத்துக் கதைக்க ஒருவருக்கும் துணிவில்லை. பாதி ஊர் அவருடைய வாடியில் ஐஸ் எடுக்கிற ஊர் என்பதையும் மறக்கக்கூடாது. நான் கத்தினேன். என் தகப்பனே வந்து என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்தப் போட்டியை றஞ்சித் மைதானத்தின் கடற்கரை மூலையில், கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தான். தோற்றிருந்தாலாவது எனக்கு மனம் ஆறியிருக்கும். வென்றுவிட்டோம். கோர்னரில் வந்த பந்து எதிர்ப்பக்கத்தான் ஒருவனின் முதுகில் பட்டு, மயூரதனின் முழங்காலுக்குக் கீழே மோதி, தானாகவே உள்ளே போனது. தான் கோல் அடித்துவிட்டான் என்று மற்றவர்கள் கட்டிப்பிடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. இறுதிப் போட்டியில் ஆடாதவனைத் தெரிவுசெய்ய முடியாது என்ற தெரிவாளர்கள், வெறுங்கையோடு போக மனமில்லாமல் மயூரதனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பதக்கங்களை அணிவித்தவர் நமசிவாயம். முழு அணிக்கும் செய்வித்த பதக்கங்கள் ஆகையால் றஞ்சித்துக்கு உரியது தாம்பாளத்தில் மிஞ்சிக் கிடந்தது. அதை எடுத்துச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் மயூரதனின் பதக்கத்துக்குப் பக்கத்தில் அதுவும் தொங்கியது. றஞ்சித்தின் தாய் போய்க் கேட்டாள். ஆடாதவனுக்கு என்ன பதக்கம் என்று கேட்டு அனுப்பிவிட்டார். மனிதருக்குப் பதக்கம் தேவையில்லை. அவன் கேட்டு வரவேண்டும், தான் இல்லை என்று சொல்லவேண்டும், அதுதான் தேவை.

நான் என்னுடைய பதக்கத்தைக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"உன்ரை மெடல் நீ பிடிச்ச பந்துக்கு. எனக்கு என்ரை மெடல்தான் வேணும்."

அன்றுதான் அந்த ஆணியை அடித்தான். அப்போது அந்தச் சுவரில் வேறு பதக்கம் நாலைந்துதான் இருந்தது. நடு இடத்தை அளந்து, மூன்றே அடியில் இறக்கினான்.

அதற்குப் பிறகு அவன் ஆடிய ஆட்டத்தைத் திறமை என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு உண்மை தெரியும். அது முழுக்க முழுக்க வன்மம். சண்டை திரும்பவும் தொடங்கியது, கடலுக்குப் போக ராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது, கிண்ணங்கள் நின்றன. நின்ற காலத்திலும் அவன் தனியாக மணலில் பந்தடித்தான். சண்டை முடிந்து மைதானங்கள் திறந்ததும் எங்கே போட்டி என்றாலும் போனான். எங்கள் கழகம் போகாத இடத்துக்கு வேறு கழகத்தார் இரவல் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். வென்று வந்தான்.

வென்று வருகிறவன் நேராக வீட்டுக்குப் போகமாட்டான். மன்னாரிலிருந்து விடிய வந்து இறங்கினாலும், உடம்பு முழுக்கப் புழுதியாக இருந்தாலும், பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி நமசிவாயத்தின் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையால்தான் வருவான். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பார். இவனைக் கண்டதும் பேப்பர் கொஞ்சம் உயரும். அந்த வாசல் கேற்றுக்கு முன்னால் மட்டும் இவனுக்கு நடை குறைந்துவிடும்.

பொறுக்கமுடியாமல் ஒரு வருடம் அவர் மதிலை இரண்டு வரிக் கல்லு வைத்து உயர்த்தினார். இனி அவனுடைய தலையும் தெரியாது, கழுத்தும் தெரியாது. நல்ல மதில். றஞ்சித் அடுத்த பதக்கத்தோடு வந்தபோது கையில் பந்தும் கொண்டுவந்தான். மதில் ஓரமாக நடந்துகொண்டே பந்தைக் காலால் தட்டித் தட்டி மதிலுக்கு மேலே எழுப்பினான். உள்ளே இருக்கிறவருக்கு ஆள் தெரியவில்லை. பந்து மட்டும் மதிலுக்கு மேலே வருவதும் இறங்குவதுமாக ஒழுங்கை முழுவதும் ஊர்ந்து போனது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு வயிற்றில் இருக்கிறது.

இதற்கிடையில் மயூரதன் கொழும்பில் ஒரு வருடம் மாற்று ஆட்டக்காரனாக வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, ஏஜென்சி மூலம் பாரிசுக்குப் போய் அகதி அந்தஸ்துப் பெற்றான். றஞ்சித் கஜந்தினியைக் கட்டினான். வந்த முதல் நாளே அவள் அந்த ஆணியில் கலண்டரைக் கொழுவி, அது ஒரு சண்டையாகப் போனது. பிறகு வருடத்துக்கு ஒரு தரமாவது அதைப் பிடுங்கச் சொல்லுவாள். ஒன்றுக்கும் உதவாத இரும்பு, பிள்ளையின் தலையில் இடிக்கிறது என்பாள். அவன் பிள்ளையைக் குனிந்து நடக்கச் சொல்லுவான். முழங்கால் விட்டுப்போன பிறகு ஆட்டத்தை நிறுத்திக் கழகத்துப் பெடியளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினான். அவர்கள் அவனை மாஸ்ரர் என்றார்கள். அவன் நமசிவாயத்தை நமசிவாயத்தார் என்றான். அந்தக் காலை தொடக்கம் பெரியப்பா என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை.

போன வருடம் ஆடி மாதம், திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது நமசிவாயம் செத்துப்போனார். கடைசி வரைக்கும் அந்த மனிதர் இரங்கவில்லை, ஒரு சொல் சொல்லி அனுப்பவில்லை. செத்துத்தான் மாட்டிக்கொண்டார்.

கொள்ளி வைக்க மகன் வேண்டும். மயூரதனின் அகதிப் பாஸ்போட்டில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் வரமுடியாது. மகள் உதயகலா கலியாணம் கட்டாமல் தகப்பனைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். அதனால் மருமகனும் இல்லை, பேரனும் இல்லை. கிட்டிய ஆண் பங்காளி யாரென்று கிரியை செய்ய வந்த ஐயர் கேட்டார். பெரியவர்கள் கூடி எண்ணிப் பார்த்தார்கள். கனடாவில் இரண்டு, லண்டனில் ஒன்று. ஊரில் மிஞ்சி நின்றது ஒரே ஒரு ஆள். ஒருவரும் முதலில் அந்தப் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நான் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக ஒரு பெயரை நான் சொன்னதில்லை.

கழகத்தின் அப்போதைய தலைவர் கோகுலனும் இரண்டு பெரியவர்களும் பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனார்கள். சிநேகிதன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் வாசலில் இருந்து பெடியளின் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பம்பை நிறுத்தவில்லை.

"எனக்குத் துடக்கில்லை," என்றான். "நான் பங்காளி இல்லை எண்டு அவர் அம்மாளாச்சி வாசலிலை சூடம் கொளுத்திச் சொன்னவர். பெரிய மனுசன்ரை சத்தியத்தை நான் முறிக்கக் கூடாது."

ஊருக்கு வெட்கம், பிரேதம் காத்துக் கிடக்கிறது, செத்தவரோடு என்ன கோபம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். அவன் அடுத்த பந்தை எடுத்தான். திரும்பி வரும்போது கோகுலன் என்னைப் பார்த்து, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். சொல்ல எனக்கு விருப்பம் இருக்கவில்லை என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரம் நடந்ததை அவன் பிறகு எனக்குச் சொன்னான். கஜந்தினி புட்டைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாளாம். வருடா வருடம் அந்த ஆணியைப் பிடுங்கச் சொன்னவள்.

"மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு இருந்தால் உந்த ஆணி உப்பிடியேதான் கிடக்கும்," என்றாளாம். "போய் மெடலைக் கேளுங்கோ."

மறுநாள் காலை செத்தவீட்டு முற்றம் நிறைந்த சனம். பறை முழங்குகிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்ப்பதற்கு மூன்று கமெரா வைத்து நேரடி ஒளிபரப்பு நடக்கிறது. உதயகலாவின் பக்கத்தில் கதிரையில் ஒரு போன். அதில் மயூரதன் கண்ணீரோடு இருக்கிறான். அப்போது றஞ்சித் தோய்த்த வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகக் கையில் தேங்காய்த் தட்டத்தோடு ஒழுங்கையால் வந்தான். எங்கே போகிறாய் என்று யாரோ கேட்டார்கள். கோயிலுக்கு என்றான். ஊரில் பிரேதம் கிடக்கக் கோயில் பூட்டித்தான் இருக்கும். அது அவனுக்கும் தெரியும். வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறேன் என்றான். எங்கள் ஊரில் ஒரு பங்காளி, பிரேதம் முற்றத்தில் கிடக்கத் தேங்காய்த் தட்டத்தோடு கோயிலுக்குப் போனால் அதற்கு மேல் ஓர் அவமானம் கிடையாது. பறை அடிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கமெராக்காரன் என்னவென்று தெரியாமல் கமெராவை அவன் பக்கம் திருப்பினான். லண்டன், கனடா, பாரிஸ் எல்லாம் பார்த்தது.

உதயகலா தலைவிரி கோலமாகக் கேற்றுக்கு வந்தாள். சின்ன வயதில் இவனைத் தூக்கித் திரிந்தவள்.

"உனக்கு என்னடா வேணும்?"

"உங்கடை கொப்பர் சூடத்திலை சொன்னதை நீங்கள் சூடத்திலை திருப்பிச் சொல்லவேணும், அக்கா. எல்லாரும் கேக்க. பிறகு என்ரை மெடல்."

சனத்துக்குள் முணுமுணுப்பு எழுந்தது. இவனுக்கு மனச்சாட்சி இல்லையோ என்று ஒரு பெண் கேட்டாள். இருபத்தொரு வருடத்துக்கு முதல் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, ஆளும் மாறிப்போச்சு என்று நான் சொன்னேன்.

உதயகலா உள்ளே போனாள். அலுமாரிக் கண்ணாடி திறபடுகிற சத்தம் கேட்டது. ஒரு கையில் பதக்கமும் மறு கையில் சூடம் எரிகிற தட்டுமாகத் திரும்பி வந்தாள். பிரேதத்தின் தலைமாட்டில் நின்று, தகப்பன் செய்தபடியே நெருப்புக்கு மேலே கையை நீட்டினாள்.

"அப்பா சொன்னது பொய்ச்சத்தியம். றஞ்சித் எங்கடை பங்காளி. என்ரை தம்பி."

போனுக்குள்ளிருந்து மயூரதன் ஏதோ சொன்னான். றஞ்சித் போனைக் கையில் எடுத்து அவனுடைய முகத்தை நேரே பார்த்தான். சத்தமாகச் சொல்லு, பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்றான்.

"எனக்கும் அண்டைக்கே தெரியும், அண்ணை. அந்த இடம் உங்கடை," என்றான் மயூரதன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டது.

உதயகலா பதக்கத்தை றஞ்சித்தின் கழுத்தில் போட்டாள். நீல நாடா வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. திருப்திதானா என்று மெல்லக் கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது. அவன் கிணற்றடிக்குப் போய், பதக்கத்தைக் கழற்றாமலே தலையில் தண்ணீரை ஊற்றினான்.

வெறும் மேலில் அந்தப் பதக்கத்தோடுதான் கொள்ளிக் குடம் தூக்கினான். நடக்கும்போது பதக்கம் அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டே வந்தது. சுடலையில் மூன்று சுற்றுச் சுற்றி, குடத்தைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கையால் கொள்ளி வைத்தான். வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். போனான். எனக்கு அன்றைக்கு ஒரு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவன் முடிக்கவில்லை. கொள்ளி வைத்தவன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் துடக்குக் காக்கவேண்டும். இந்தக் காலத்தில் பெடியள் எட்டாம் நாள் எட்டுச்செலவோடு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். றஞ்சித் ஒன்றையும் விடவில்லை. தாடி வளர்த்தான். பாயில் படுத்தான். கடற்கரையில் பிறந்தவன் மீன் தொடவில்லை, கஜந்தினி பிள்ளைக்குப் பொரித்த மீனின் மணம் வந்தால் எழுந்து வெளியே போனான். சாம்பல் அள்ளிக் கடலில் கரைத்தான். நாள் தவறாமல் செத்தவீட்டுக்குப் போய் விளக்கு வைத்தான். பெற்ற தகப்பனுக்கும் இப்படி ஒருவன் செய்ததை நான் கண்டதில்லை. அவ்வளவு வன்மத்தோடு துடக்குக் காத்தான்.

அந்த முப்பத்தொரு நாளுக்குள்தான் திருவிழாவும் வந்தது. அவன் பயிற்சி கொடுத்த அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. அன்று காலை பெடியள் ஜேர்சியோடு கோயிலுக்குப் போனார்கள். மாஸ்ரரைக் காணவில்லை. பின்னேரம் பார்த்தால் மைதானத்தின் கடற்கரை மூலையில், கயிற்றுக்கு வெளியே, தாடியோடு நிற்கிறான். இருபத்தொரு வருடத்துக்கு முதல் நின்ற அதே இடம். அணித்தலைவன் தனோஜன் ஓடி வந்தான்.

"மாஸ்ரர், உள்ளுக்கு வாங்கோ. இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?"

"நான் உள்ளுக்கு வந்தால் நமசிவாயத்தார் சொன்னது மெய்யாப் போயிடும்," என்றான் றஞ்சித். "நீ போய் விளையாடு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துடக்கு இல்லை என்று கயிற்றைத் தாண்டினால் அவன் பங்காளி இல்லை. பங்காளி என்றால் கயிற்றைத் தாண்ட முடியாது. எந்த உறவு இல்லை என்றதால் அன்றைக்கு வெளியே நின்று வெந்தானோ, அந்த உறவு தன்னுடையது என்று ஆகிவிட்டபடியால் இன்றைக்கு வெளியே நின்றான். வென்றோம். தனோஜன் இடது காலால் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போகிறமாதிரிப் போய் உள்ளே திரும்பியது. கோகுலன் பயிற்சியாளரின் பதக்கத்தை எடுத்துக்கொண்டு கயிற்றடிக்கு வந்தார். றஞ்சித் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றான். அந்தியேட்டி முடிய வந்து வாங்குகிறேன் என்றான்.

அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். கடல் இரைந்துகொண்டிருந்தது. பிண்டம் வைக்கமுன் ஐயர் செத்தவரின் பெயரைக் கேட்டார், சொன்னான். உமக்கு என்ன முறை என்று கேட்டார். அவன் கேட்காத மாதிரி விரலில் கிடந்த தர்ப்பையைத் திருகினான். ஐயர் திரும்பவும் கேட்டார். ஏதோ சொன்னான், அலைச் சத்தத்தில் போய்விட்டது.

"கேக்கேல்லைத் தம்பி. கொஞ்சம் சத்தமாச் சொல்லும்."

"பெரியப்பா," என்றான் றஞ்சித். சொல்லிவிட்டு அழுதான். முதல் சப்பாத்துக்கு அழுதானோ, அந்தக் காலைக்கு அழுதானோ, நான் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இருபத்தொரு வருடம் சேர்த்து வைத்த கோபத்தை அந்தக் கிழவர் செத்த பிறகு ஒரு சொல்லில் வாங்கிக்கொண்டு போகிறாரே என்று இருந்தது.

ஊருக்கு வந்து தாடி வழித்துக் குளித்தான். கழுத்தில் கிடந்த பழைய பதக்கத்தைக் கழற்றி வெறும் ஆணியில் கொழுவினான். கஜந்தினி வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் சரிவாக இருக்கிறது என்று நேராக்கிவிட்டாள். பின்னேரம் கோகுலன் வீட்டுக்குப் போய்ப் பயிற்சியாளரின் பதக்கத்தை வாங்கினான். நானும் கூடப் போனேன். கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தவன், பழக்க தோசத்தில் நமசிவாயத்தின் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டான். கேற்று திறந்து கிடந்தது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையைச் சுவரோடு சாத்தி மடித்து வைத்திருந்தார்கள்.

கேற்றடியில் நின்றான். பதக்கத்தைக் கழற்றிக் கையில் எடுத்தான்.

"இதை இனி ஆருக்குக் காட்டிறது, சுரேஸ்?" என்றான்.